முகம் தெரியாத பிள்ளைக்கு ஒன்பது மாதம்

சாமியார் சொல்வதைச் சனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதும், சனங்கள் சொல்வதைச் சாமியாருக்குக் கோபம் வராத மாதிரி சொல்வதும்தான் உபதேசியார் வேலை. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்று பேசிப் பழகியவர்கள், முதலாளிக்கும் வேலையாட்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மேஸ்திரிகள் எல்லோரும் என் இனம்தான். உங்களுக்கு என் பாட்டைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோயிலில் மணி அடிப்பது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, நல்லது கெட்டதுக்கு வீடுகளில் போய்ச் செபம் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாக மாற்றலாகி வந்த ஃபாதர் ஒரு பக்தி முயற்சியை ஆரம்பித்தார். மாதாவிடம் வானதூதர் வந்து பிள்ளை பிறக்கும் என்று சொன்ன மங்கள வார்த்தைத் திருநாளில் தொடங்கி, கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒன்பது மாதம். எங்கேயோ ஒரு தாய் வயிற்றில், பிறப்போமா மாட்டோமா என்ற ஆபத்தில் ஒரு பிள்ளை இருக்கும். அதை ஒவ்வொருவரும் மனதால் தத்தெடுத்து, பெயர் வைத்து, அந்தப் பிள்ளைக்காகவும் அதன் தாய்க்காகவும் தினமும் செபிக்க வேண்டும். அது யார் பிள்ளை, எந்த ஊர் என்பது கடவுளுக்கு மட்டும்தான் தெரியும். கேட்க எளிமையாகத்தான் இருந்தது. எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் தோன்றியது.

தொட்டில் கம்பி

வாழைத்தோட்டத்தில் காவல் வேலை பார்க்கும் சவரிமுத்து அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் அவருக்குக் கேட்டது "தத்து", "பிள்ளை", "கிறிஸ்துமஸ்" என்ற மூன்று வார்த்தைகள் மட்டும். அடுத்த வாரம் பூசை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கள் வீட்டில் எல்லோரும் கலந்து பேசிவிட்டதாகவும், பிள்ளையை வாங்கிக்கொள்ளச் சம்மதம்தான் என்றும் சொன்னார். அண்ணி பழைய நூல் சேலைகளை எல்லாம் துவைத்து மடித்து வைத்துவிட்டார்களாம். மருமகள்தான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாளாம், அது போகப் போகச் சரியாகிவிடுமாம்.

பிள்ளை யாருக்கும் வராது, மனதால் தத்தெடுப்பது, செபம் மட்டும்தான் என்று அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாக விளக்கினேன். கோயிலை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்பது மாதமும் ஒருநாள்கூடத் தவறாமல் மாலைச் செபத்துக்கு வந்தவர் அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அன்றைக்கு வருத்தத்தோடு சொன்னது இது: "மனசாலதான்னு அன்னைக்கே வெளக்கமாச் சொல்லியிருந்தா, ஆசாரியக் கூப்புட்டு உத்தரத்துல தொட்டிக் கம்பி அடிச்சிருக்க மாட்டேன்ல."

கருவறைக்குள் யார்?

ஃபாதருக்குத் தூய தமிழில் பிடிப்பு அதிகம். கோயில் வாசலில் ரோட்டைப் பார்த்து ஒரு பிளக்ஸ் கட்டச் சொன்னார். "கருவறைக் குழந்தைகளுக்கான ஒன்பது மாதச் செபமுயற்சி. அனைவரும் வருக" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கோயில் நிலத்துக்கு அடுத்த தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துத் திராட்சை போட்டிருப்பவர் ஓடைப்பட்டி முத்துக்கருப்பன். அவர் பைக்கை நிறுத்தி அதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

அவருடைய குலதெய்வக் கோயிலில் பூசாரியைத் தவிர ஒருவரும் கருவறைக்குள் கால் வைக்க முடியாது. போன வருஷம் ஒரு மந்திரியையே வெளியில் நிற்க வைத்துத்தான் தீபாராதனை காட்டினார்களாம். அப்படியிருக்க, நீங்கள் குழந்தைகளைக் கருவறைக்குள் விட்டு, அதுவும் ஒன்பது மாதம் உள்ளேயே வைத்துப் பூசை செய்யப் போகிறீர்களா, பெற்றவர்கள் இதற்குச் சம்மதித்தார்களா என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

நான் தூய தமிழை இறக்கி வைத்துவிட்டு, வயிற்றுப் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்கிறோம் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. முதல் பிள்ளை தங்காமல் போய், மருமகள் இரண்டாவதாக உண்டாகியிருக்கிறாளாம், வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தூக்கமில்லையாம். கிளம்பும்போது சொன்னார்: "அப்ப எங்க வீட்டுப் பிள்ளைக்கும் சேத்து ஒண்ணு சொல்லிருங்க உபதேசியார், எங்க சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஜீப்பில் செபம்

லூர்து எங்கள் பங்கைச் சேர்ந்த ஜீப் டிரைவர். விடிவதற்கு முன்னால் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போவார். வீட்டில் செபம் சொல்ல அவருக்கு நேரம் கிடையாது. அதனால் மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு அருள்நிறை மரியே என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வண்டியில் வருகிற பெண்களில் பெரும்பாலோர் இந்துக்கள். மதத்தைத் திணிக்கிறார் என்று யாராவது பிரச்சினை கிளப்பிவிடப் போகிறார்கள் என்று ஃபாதர் பயந்து, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். ஒரு நாள் விடிகாலையில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து நானும் போனேன்.

லூர்து வளைவில் "அருள்நிறை" என்றதும், பின்னால் இருந்து பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தோடு மீதியைச் சொல்லி முடித்தார்கள். மேலே போய் இறங்கியதும் அந்தக் குழுவுக்குத் தலைவி மாதிரி இருந்த பாண்டியம்மாளிடம், இதில் உங்களுக்கு மனக்கஷ்டம் ஏதும் உண்டா என்று கேட்டேன். அந்த அம்மா மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணியை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னது: "வளைவுல போனு எடுக்காம, பாட்டு மாத்தாம, இப்பத்தான் இந்த ஆளுக்குக் கண்ணு ரோட்டுல இருக்கு. அந்தப் பிள்ளை பொறந்ததும் அடுத்த பிள்ளையப் பிடிச்சு இவருகிட்டக் குடுத்துருங்க."

எந்தத் திராட்சை?

மாதம் ஒருமுறை, வயிற்றுப் பிள்ளை எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பதைப் பூசையில் வாசிக்க வேண்டும் என்றார் ஃபாதர். அவரே ஏதோ ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். மே மாதம் நான் வாசித்தேன்: "நாம் தத்தெடுத்த பிள்ளை இப்போது ஒரு திராட்சைப் பழத்தின் அளவு இருக்கிறது. விரல்கள் பிரியத் தொடங்கியிருக்கின்றன." வேறு எந்த ஊரிலும் இது பிரச்சினையில்லாமல் போயிருக்கும், எங்களுடையது திராட்சை விளைகிற ஊர்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து, பன்னீர் திராட்சையா விதையில்லாத திராட்சையா என்று கேட்டார். இரண்டும் ஒரே அளவு இல்லையே என்பது அவர் நியாயம். அதற்குள் இன்னொருவர், கவாத்து பண்ணின தோட்டத்துப் பழமா, மழையில் மாட்டின பழமா என்பதையும் சொல்ல வேண்டும் என்றார். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு கிளம்பியது. ஃபாதர் பீடத்திலிருந்து என்னைப் பார்த்தார். நான் துணிந்து "பன்னீர்" என்று அறிவித்தேன். பாதிப் பேருக்குத்தான் திருப்தி. பூசை முடிந்து அங்கியைக் கழற்றும்போது ஃபாதர் சிரிக்காமல் சொன்னார்: "அடுத்த மாசத்துக்கு எலுமிச்சைன்னு எழுதியிருக்கேன் உபதேசியார், நாட்டு எலுமிச்சையா என்னன்னு இப்பவே விசாரிச்சு வச்சுக்கங்க."

ரீத்தா அக்காவின் சந்தேகம்

அந்தத் திராட்சைக் கலாட்டாவில் காணிக்கைப் பாட்டு ஆரம்பிக்கவே இல்லை. பாடகர் குழுவை நடத்துவது ரீத்தா அக்கா. நாற்பதைத் தாண்டியவர், குரல் மட்டும் இருபதிலேயே நிற்கிறது. ஒரே மகள் அனிதாவைச் சின்னமனூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், அந்தப் பெண் அப்போது முழுகாமல் இருந்தாள். பாட்டை ஒரு நொடி தாமதமாக ஆரம்பித்தால்கூட மற்றவர்களை முறைக்கிற அக்கா, அன்றைக்குப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். சனங்கள் சிரித்ததில் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, தத்தெடுக்கிற பிள்ளை தெரிந்த பிள்ளையாக இருந்தால் செபம் செல்லுமா செல்லாதா என்று கேட்டார்கள். எனக்கு அப்போது பசி. முகம் தெரியாத பிள்ளை என்றுதான் ஃபாதர் சொல்லியிருக்கிறார், மகள் வயிற்றுப் பிள்ளைக்கு என்றால் தனியாகச் சொல்லிக்கொள்ளுங்கள் அக்கா என்று தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி பதில் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பினார்கள். "எனக்கும் மொகம் தெரியாதுதான் உபதேசியார், இருக்குற இடம் மட்டும்தான் தெரியும்."

ஜெயராஜ் வந்த மத்தியானம்

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி கிரேஸ் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். எனக்குப் புரிய அவள் விளக்கம் தேவைப்பட்டது. ரீத்தா அக்கா சொன்னது மகள் வயிற்றைப் பற்றி அல்ல, தன் வயிற்றைப் பற்றி. அதை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கிரேஸ் என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், பீடத்தில் உருகி ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர் ஜெயராஜ் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடைக்காரர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அவராகவே பேசினார். மாதவிலக்கு நிற்கிற வயது என்று அக்கா சும்மா இருந்துவிட்டார்களாம். தேனியில் டாக்டரம்மாவைப் பார்த்தார்களாம். பிரஷர் இருக்கிறது, வயதும் ஆகிவிட்டது, வைத்துக்கொள்வதானால் மிகவும் கவனமாக இருக்க வேண்டும், வேண்டாம் என்றால் சீக்கிரம் முடிவு சொல்ல வேண்டும் என்றாராம் டாக்டரம்மா. மகளுக்கு வளைகாப்பு நடத்த வேண்டிய தாய் தானும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் ஊர் என்ன சொல்லும், சம்பந்தி வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது, இதுதான் அக்காவை அரித்துக்கொண்டிருந்தது. உயிருக்கு ஒன்று ஆகிவிடுமோ என்பது ஜெயராஜின் பயம்.

ஆபத்திலிருக்கும் பிள்ளை என்று தினமும் வாசிக்கும்போதெல்லாம் நான் சென்னையையும் பம்பாயையும்தான் நினைத்திருந்தேன், மோட்டார்க்கடைத் தெருவை நினைக்கவில்லை. ஃபாதரிடம் பேசலாமா என்று மெதுவாகக் கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். "புத்தியும் வேணாம், ஆறுதலும் வேணாம். சாயங்காலம் மொகந்தெரியாத பிள்ளைக்குன்னு சொல்றீகள்ல, அதுல எங்களதையும் பேர் சொல்லாமச் சேத்துக்கங்க."

தாய்க்காக ஒரு வரி

அன்றிலிருந்து மாலைச் செபம் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி சொல்லி முடிப்பவன், இப்போது வார்த்தைக்கு வார்த்தை நின்று போனேன். உபதேசியாருக்குப் பல் வலி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ரீத்தா அக்கா தினமும் வந்து கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமலிருக்க, மாதா சுரூபத்தையே முறைத்துக்கொண்டு செபம் சொன்னேன். ஒரு நாள் ஜெயராஜ் அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மோட்டார்க்கடையை அந்த நேரத்தில் மூடுகிற மனிதர் இல்லை அவர்.

ஒரு சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கிரேஸிடம்தான் பேசினார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளறையில் பழைய செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். வைத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டார்களாம். டாக்டரம்மாவிடமும் சொல்லியாயிற்றாம், மாத்திரை ஆரம்பித்தாயிற்றாம். தைரியம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை, பயமாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஃபாதரின் பிரசங்கமா, திராட்சைக் கணக்கா, எது மனதைத் திடப்படுத்தியது என்று கிரேஸ் கேட்டாள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்கள்: "பிள்ளைக்குன்னு சொல்லிட்டு, பயந்து நிக்கிற தாய்க்குன்னு ஒரு வரி வருதுல்ல கிரேஸு, அத அத்தனை பேரும் சேந்து சொல்றதக் கேக்கத்தான் தெனமும் வந்தேன்."

வளைகாப்பில் இரண்டு கைகள்

அனிதாவின் வளைகாப்புக்குச் செபம் சொல்லப் போனேன். அக்கா கொசுவத்தை எவ்வளவு கூட்டி வைத்தும், பட்டுச்சேலைக்கு உள்ளே விஷயம் இருப்பது பார்க்கிற கண்ணுக்குத் தெரிந்தது. மகளிடம் முந்தின வாரமே சொல்லியிருந்தார்கள். அனிதா ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் போன் போட்டு, இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று அம்மாவை அதட்டினாளாம். பாக்கி இருந்தது சம்பந்தியம்மாள். சின்னமனூர்க்காரர், நாக்கு கொஞ்சம் நீளம். பெண் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, நாளைக்குப் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தத் தாய்மாமனுக்கு எங்கே போவது என்று கல்யாண மண்டபத்திலேயே குறைப்பட்டவர்.

அவர் வந்தார், உட்கார்ந்தார், ரீத்தா அக்காவை மேலிருந்து கீழே பார்த்தார். நான் செபப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் புரட்டிக்கொண்டிருந்தேன். இங்கே நடுவில் நின்று மாற்றிச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. எத்தனாவது மாதம் என்று அந்த அம்மா கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு அஞ்சு என்றார்கள்.

சம்பந்தியம்மாள் எழுந்து போனார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். வளையல் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மருமகள் கையில் நாலு வளையல் போட்டார். பிறகு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, இழுத்துக்கொண்ட கையைப் பிடித்து நாலு வளையல் போட்டார். அக்காவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "காது குத்த மடி இல்லைன்னு ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சம்பந்தி, அதுக்காக இவ்வளவு தூரமா எடுத்துக்குவீக?"

யாருக்கு முதலில் தண்ணீர்?

அனிதாவுக்கு ஆண்பிள்ளை, சுகப்பிரசவம். அக்காவுக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. கிறிஸ்துமஸ்ஸுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே பிரஷர் ஏறி, தேனியில் சேர்த்து, அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். ஜெயராஜ் போனில் "உள்ள கூட்டிட்டுப் போயிட்டாக" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நான் மணி அடிக்காமலேயே கோயிலில் ஆள் சேர்ந்துவிட்டது. அந்தத் தடவை பெயர் சொல்லித்தான் செபித்தோம். பெண்பிள்ளை பிறந்தது, எடை குறைவு. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். அக்கா தேறி எழ ஒரு மாதம் ஆனது. தாய்மாமனை எதிர்பார்த்திருந்த சம்பந்தியம்மாள், பிள்ளையைக் கையில் வாங்கியதும் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பொங்கல் கழித்து இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம். யாரை முதலில் தொட்டிக்குக் கொண்டுவருவது என்று வரிசைப்படுத்துவது என் வேலை. பையன் வயதில் மூத்தவன், அதனால் அவனை முதலில் நிற்க வைத்தேன். அது சரியில்லை, உறவில் அவள்தான் பெரியவள் என்று பின்னாலிருந்து ஒரு குரல். இல்லை இல்லை, பிறந்த தேதிதான் கணக்கு என்று இன்னொரு குரல். ஃபாதர் தண்ணீரைக் கையில் மொண்டுகொண்டு, வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான், பழைய அனுபவத்தில், சம்பந்தியம்மாளைப் பார்த்தேன். அந்த அம்மா தன் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "வயசு கெடக்குது சாமி, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல. சித்திக்கு மொதல்ல ஊத்துங்க, இவன் நிப்பான்."

இத்தனை வருஷ உபதேசியார் வேலையில் நான் கண்டது இதுதான்: செபத்தை அறிவித்து ஆரம்பித்து வைப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, அது எந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டும் என்பதைச் சாமியார் உட்பட ஒருவரும் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் வாசித்துவிட முடியாது.